சுர்க்ரோத்: பாகிஸ்தானிலிருந்து ஊர் திரும்பும் ஆப்கன் குடும்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்கன் அகதிகள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எல்லையில் நிற்கும் லாரி வரிசையைக் காட்டுகிறார்கள். கட்டில், பாத்திரம், போர்வை மூட்டை, மேலே நாலு பிள்ளைகள். அந்த லாரி கடைசியில் எந்த ஊரில் போய் நிற்கிறது, இறங்கியவர்கள் அங்கே எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, இதுபற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

சுர்க்ரோத் எங்கே இருக்கிறது? ஏன் இந்த ஓர் இடம்?

ஆப்கானிஸ்தானின் கிழக்கு ஓரத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி நங்கர்ஹார் மாகாணம். அதன் தலைநகர் ஜலாலாபாத். நகரத்தின் மேற்கிலும் தென்மேற்கிலும் ஒட்டிக் கிடப்பது சுர்க்ரோத் மாவட்டம். மாவட்டம் என்றதும் நம் ஊர் அளவில் நினைத்துவிட வேண்டாம். மாகாணத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு அது. ஒரு தாலுகா என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

தெற்கே ஸ்பின்கர் மலைத்தொடர். அதன் பனி உருகி வரும் ஆற்றின் பெயரும் சுர்க்ரோத்தான். தருண்டா அணைக்குப் பக்கத்தில் காபூல் ஆற்றோடு சேர்கிறது. ஆற்றோரம் முழுக்கப் பச்சை: கோதுமை, வெங்காயம், வெண்டை, காலிஃபிளவர், தக்காளி. கொஞ்சம் மேடேறினால் புல் முளைக்காத சரளைப் பொட்டல். இந்த இரண்டும் ஒரே மாவட்டத்தில் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். திரும்பி வருகிறவரின் வாழ்க்கை எப்படி அமையும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டில் எதில் அவருக்கு இடம் கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

தோர்க்கம் எல்லைக் கடவை ஜலாலாபாத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அதனால் பாகிஸ்தானிலிருந்து வருகிற ஒவ்வோர் அலையும் முதலில் இந்தப் பக்கத்தில்தான் வந்து மோதுகிறது.

இவ்வளவு பேர் ஏன் ஊரை விட்டுப் போனார்கள்?

1978 ஏப்ரலில் காபூலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கவிழ்த்துப் பிடித்தார்கள், 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. அதற்கப்புறம் நங்கர்ஹார் கிராமங்கள் குண்டுவீச்சிலும் தரைப்போரிலும் மாறி மாறிச் சிக்கின. 1989 மார்ச்சில், சோவியத் படை வெளியேறிய கையோடு, சோவியத்தை எதிர்த்த போராளிகளான முஜாஹிதீன்கள் ஜலாலாபாத்தைப் பிடிக்கப் பெரிய முற்றுகை போட்டார்கள். நகரம் விழவில்லை, சுற்றியிருந்த கிராமங்கள்தான் காலியாயின.

போனவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானின் பெஷாவர் பக்கம் போனார்கள். நாசிர் பாக், கச்சா கடி, ஜலோஸை, ஷம்ஷத்து என்று முகாம்கள். முதலில் கூடாரம், பிறகு மண் சுவர், பிறகு கடைத்தெரு என்று அவை ஊர்களாகவே ஆகிவிட்டன. 1980-களின் கடைசியில் பாகிஸ்தானில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேல் ஆப்கானியர்கள் இருந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் 2002-லேயே திரும்பிவிடவில்லையா?

ஒரு பெரிய அலை 2002-ல் வந்தது உண்மை. தாலிபானின் முதல் ஆட்சி விழுந்த அடுத்த ஆண்டில் மட்டும் சுமார் 18 லட்சம் பேர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு பாகிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்தார்கள். யாருமே அவ்வளவு பேரை எதிர்பார்க்கவில்லை. உதவித்தொகையை ஒருவரே இரண்டு முறை வாங்கிவிடுகிறார் என்று பெஷாவர் அருகே கண்ணின் கருவிழியைப் படமெடுத்துச் சோதிக்கும் முறையை அந்த ஆண்டே கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது அலை, முகாம்களை மூடத் தொடங்கியபோது. கச்சா கடி 2007-ல், ஜலோஸை 2008-ல் மூடப்பட்டன.

மூன்றாவது அலை 2016. இதைத் "தாமாகத் திரும்பினார்கள்" என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014 டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளித் தாக்குதலுக்குப் பிறகு அங்கே ஆப்கானியர் மேல் போலீஸ் கெடுபிடி ஏறிக்கொண்டே போனது. வீட்டுச் சொந்தக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். 2016 ஜூனில் தோர்க்கத்தில் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. அதுவரை கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வந்துகொண்டிருந்த பாதை அது. அதே நேரத்தில் உதவித்தொகை தலைக்கு 200 டாலரிலிருந்து 400 ஆக ஏறியது. அந்த ஆண்டு ஆறு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். அதில் பெரும்பகுதி நங்கர்ஹார் வழியாக வந்தது; கணிசமானவர்கள் இங்கேயே தங்கினார்கள். ஜலாலாபாத்தில் வீட்டு வாடகை தாறுமாறாக ஏறியது.

நாலாவது அலை 2023. ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் எல்லோரும் நவம்பர் 1-க்குள் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அக்டோபர் தொடக்கத்தில் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் வந்துவிட்டார்கள். 2025-ல் அட்டை வைத்திருந்தவர்கள் மீதும் கை வைத்தார்கள்: முதலில் ஆப்கன் குடிமக்கள் அட்டை, அப்புறம் 2006-லிருந்து அகதிகளுக்குக் கொடுத்துவந்த பதிவு அட்டை. அதே ஆண்டு ஈரானும் பெருமளவில் வெளியேற்ற, இரண்டு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள்.

பாகிஸ்தானில் பிறந்தவர்கள் இங்கே "திரும்பி" வருகிறார்கள் என்று சொல்வது சரியா?

சரியில்லைதான். பெஷாவரில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பேரன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தானின் 1951 குடியுரிமைச் சட்டத்தில் பிறப்பால் குடியுரிமை என்று எழுதித்தான் இருக்கிறது. ஆப்கன் அகதிகளின் பிள்ளைகளுக்கு நடைமுறையில் அதைக் கொடுக்கவில்லை. ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் பாகிஸ்தான் கையெழுத்திடவும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சுர்க்ரோத் என்பது தாத்தா சொன்ன கதையில் வந்த ஊர்.

எல்லை தாண்டியதும் என்ன கிடைக்கும்?

பதிவு செய்வார்கள், தடுப்பூசி போடுவார்கள், கண்ணிவெடி பற்றிப் படம் காட்டிச் சொல்வார்கள், ஒரு வேளை சாப்பாடு கொடுப்பார்கள். அகதி அட்டை வைத்திருப்பவர் அகதிகள் ஆணையத்தின் பொறுப்பு; அட்டை இல்லாதவர் சர்வதேச இடப்பெயர்வு அமைப்பின் பொறுப்பு. ஒரே தெருவில் குடியிருந்த இரண்டு குடும்பங்கள், ஒரே லாரியில் வந்தாலும், வேறு வேறு தொகையோடு ஊருக்குப் போகும். 2016-ல் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. அண்ணனுக்கு அட்டை இருந்து தம்பிக்கு இல்லாமல் போன வீடுகளில் இதனால் மனக்கசப்பு வந்தது.

இப்போது அந்தத் தொகையும் கரைந்துவிட்டது. முன்பு ஒரு குடும்பத்துக்குச் சுமார் 2,000 டாலர் கொடுக்க முடிந்தது, இப்போது 156 டாலர்தான் முடிகிறது என்று அகதிகள் ஆணையத்தின் ஆப்கன் பிரதிநிதியே 2025-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஊரில் அவர்கள் வீடு அப்படியே இருக்குமா?

மண் வீட்டை ஆள் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கூரை முதலில் இறங்கும், அப்புறம் மழை சுவரைக் கரைக்கும். போர்க்காலத்தில் குண்டு விழாத வீட்டிலும் உத்தரக்கட்டையையும் கதவையும் யாராவது விறகுக்கோ விற்கவோ பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். 2002-ல் வந்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குக் கரைந்துபோன சுவர்களை.

அதனால்தான் லாரியில் மரம் வருகிறது. பெஷாவர் பக்கத்தில் தாங்கள் கட்டிய வீட்டைத் தாங்களே பிரித்து, கூரைக் கட்டை, இரும்பு உத்தரம், கதவு, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சுவருக்கு மண் எங்கும் கிடைக்கும், உழைக்கக் குடும்பம் இருக்கிறது. மரத்துக்குத்தான் காசு வேண்டும். 2023-ல் பலருக்குச் சில நாள் அவகாசம்தான் இருந்தது. கட்டையைப் பிரிக்கக்கூட முடியாமல் கையில் கிடைத்ததோடு வந்தார்கள்.

வீடு கட்ட அகதிகள் ஆணையம் 2002 முதல் ஒரு திட்டம் வைத்திருந்தது. கூரை உத்தரம், கதவு, ஜன்னல், கொஞ்சம் பணம் தருவார்கள். மண் சுவரை நீங்கள் எழுப்பிக்கொள்ள வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: கட்டப்போகும் இடம் உங்களுடையது என்று காட்ட வேண்டும். இடம் இல்லாதவருக்கு வீடும் இல்லை என்று ஆயிற்று. யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் பட்டியலில் வரவில்லை.

நிலம் இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது, வேறு வகையில். ஆப்கன் நில அளவு ஜெரிப். இரண்டு ஜெரிப் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். தாத்தா ஆறு ஜெரிப் விட்டுப் போனார் என்று வையுங்கள். நாலு மகன்கள், அவர்களுக்குப் பதினைந்து பேரன்கள். நாற்பது வருடம் யாரும் பாகம் பிரிக்கவில்லை, பிரிக்கத் தேவையும் வரவில்லை. ஒரு மகனின் குடும்பம் மட்டும் ஊரிலேயே இருந்து, வாய்க்கால் வெட்டி, வரப்பு கட்டி, மொத்தத்தையும் உழுதுகொண்டு இருந்திருக்கிறது. இப்போது மற்ற மூன்று குடும்பங்களும் ஒரே மாதத்தில் வந்து இறங்குகின்றன. யார் பக்கம் நியாயம்? ஊரில் இருந்தவர் திருடவில்லை. வந்தவர் பொய் சொல்லவில்லை. பெண்களுக்கு ஷரியத்படி பங்கு உண்டு, வழக்கத்தில் பெரும்பாலும் கொடுப்பதில்லை; அந்தக் கணக்கையும் எடுத்தால் இன்னும் சிக்கல்.

பத்திரம் என்று இருப்பது பெரும்பாலும் உர்ஃபி எனப்படும் வழக்கத்துப் பத்திரம். ஒரு காகிதம், விற்றவர் வாங்கியவர் பெயர், நாலு எல்லை, சாட்சிகளின் கைநாட்டு. நீதிமன்றத்தில் பதிவாகியிருக்காது. சாட்சிகள் எப்போதோ செத்திருப்பார்கள். அதனால் வழக்கு ஜிர்காவுக்குப் போகும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், தேநீர் ஓடும், சில சமயம் ஒரே அமர்வில் முடியும், சில சமயம் அடுத்த தலைமுறைக்கும் போகும். இப்போது தாலிபான் நீதிமன்றங்களுக்கும் நிறையப் பேர் போகிறார்கள்; தீர்ப்பு சீக்கிரம் வருகிறது என்பதுதான் அவற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே காரணம்.

நிலமே இல்லாதவர்களுக்கு அரசு இடம் கொடுத்ததாமே?

கொடுத்தது. 2005 டிசம்பரில் வந்த 104-ஆம் எண் அதிபர் ஆணைப்படி, நிலமில்லாமல் திரும்பி வந்தவர்களுக்கும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வீட்டுமனை. அதன்கீழ் நாடெங்கும் புதிய குடியிருப்புகள் அறிவிக்கப்பட்டன. சுர்க்ரோத்தில் வந்தது ஷேக் மிஸ்ரி புதுக் குடியிருப்பு. எங்கே? நான் மேலே சொன்ன சரளைப் பொட்டலில்.

அரசு இலவசமாகக் கொடுக்கும் நிலம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும். நல்ல நிலம் எல்லாம் யாரோ ஒருவருடையது. மிச்சம் இருப்பது தண்ணீர் இல்லாத நிலம். மனைக்கும் நிபந்தனைகள்: அந்த மாகாணத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும் தஸ்கிரா அடையாள அட்டை வேண்டும், அகதியாக இருந்ததற்கு ஆவணம் வேண்டும். பிறந்ததிலிருந்து பாகிஸ்தானில் இருந்தவரிடம் தஸ்கிரா எங்கே இருக்கும்? அதை வாங்க அலைய வேண்டும், அலைகிற இடத்தில் லஞ்சம் கொடுக்கவும் வேண்டும்.

மனை கிடைத்தவர்களுக்கும் முதல் வருடங்களில் குடிதண்ணீர் லாரியில்தான் வந்தது. கோடையில் அங்கே நாற்பது டிகிரிக்கு மேல் அடிக்கும், மரம் கிடையாது. வீட்டுமனையோடு விவசாய நிலம் கிடையாது, ஆகவே வேலைக்கு நகரத்துக்குப் போக வேண்டும், போகிற வண்டி வாடகை கூலியில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பலர் மனையை வாங்கிப் பூட்டிவிட்டு ஜலாலாபாத்தில் வாடகைக்குப் போய்விட்டார்கள். ஆனால் முழுத் தோல்வி என்று எழுதிவிடவும் முடியாது. பள்ளியும் மருத்துவ நிலையமும் ஆழ்துளைக் கிணறுகளும் மெல்ல மெல்ல வந்தன, கடைகள் வந்தன, குடும்பங்கள் ஊன்றிக்கொண்டன. காபூலுக்கு வடக்கே கராபாக்கில் ஆஸ்திரேலிய நிதியில் கட்டிய ஆலிஸ்கன் என்ற குடியிருப்போடு ஒப்பிட்டால் ஷேக் மிஸ்ரி எவ்வளவோ மேல். ஆலிஸ்கனில் ஆயிரம் வீட்டுக்கு மேல் கட்டி முடித்தார்கள், தண்ணீர் ஏற்பாட்டைக் கடைசிவரை சரி செய்யவில்லை. வீடுகள் காலியாகக் கிடந்தன.

தண்ணீர்ப் பங்கீடு எப்படி நடக்கிறது?

ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து முறை. முறையைப் பார்த்துக்கொள்பவர் மீராப். ஊர்க்காரர்களே தேர்ந்தெடுப்பார்கள், கூலி தானியமாகக் கொடுப்பார்கள். தலைமடைக்காரருக்கு எப்போதும் நல்ல காலம், கடைமடைக்காரர் ராத்திரி விளக்கைத் தூக்கிக்கொண்டு மடை பார்க்கப் போவார். இதில் விளக்க ஒன்றுமில்லை. காவிரிப் படுகைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையும் பனியும் குறைந்த வருடங்களில் கடைமடைக்கு வருவதற்குள் ஆறு தீர்ந்துவிடும்.

நிலம் திரும்பக் கிடைத்தாலும் தண்ணீர் முறை கூடவே திரும்பும் என்று இல்லை. நாற்பது வருடம் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு ஆள் அனுப்பாத குடும்பம், இப்போது முறை கேட்டால் முணுமுணுப்பு வரும். வசதியுள்ளவர்கள் சூரியத் தகடு வைத்து ஆழ்துளையில் எடுக்கிறார்கள். பகல் முழுக்க இலவசமாக ஓடும் மோட்டாரை யாரும் நிறுத்துவதில்லை, நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது.

பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?

சொந்த நிலம் உள்ளவர் கோதுமை போட்டுக்கொண்டு, மிச்சத்தில் காய்கறி போட்டு ஜலாலாபாத் சந்தைக்கு அனுப்புவார். நகரம் பக்கத்தில் இருப்பது சுர்க்ரோத்தின் பெரிய அதிர்ஷ்டம். மலையோர மாவட்டங்களில் ஓபியம் பயிரிடுவதை விட்டால் வேறு வழி இல்லை என்று இருந்த காலத்திலும் இங்கே வெங்காயமும் வெண்டையும் கைகொடுத்தன. 2022 ஏப்ரலில் தாலிபான் ஓபியத்தைத் தடை செய்தபோது, அடுத்த ஆண்டே நாடு முழுக்கச் சாகுபடி 95 சதவீதம் விழுந்தது. அந்த அடி மலையோர ஊர்களுக்கு. ஆனால் அங்கே அறுவடைக்குப் போய்வந்த சுர்க்ரோத் கூலிகளுக்கும் அந்த வருமானம் போயிற்று.

நிலம் இல்லாதவர் வாரத்துக்கு உழுவார். விதை, உரம், டிராக்டர் யார் செலவு என்பதைப் பொறுத்து மகசூலில் மூன்றில் ஒன்றோ, நான்கில் ஒன்றோ, ஐந்தில் ஒன்றோ. உடம்பை மட்டும் போடுகிறவருக்குக் கடைசிப் பங்கு. அதிலும் ஆள் கூடக் கூடப் பங்கு குறையும். ஒவ்வோர் அலையும் வந்து இறங்கும்போது கூலி இறங்குவதும் இப்படித்தான். மீதிப் பேர் நகரத்துச் சந்தியில் காலை நேரத்தில் நின்று யாராவது வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று பார்ப்பார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் சூளைக்குப் போகிறார்கள்.

செங்கல் சூளை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

சொல்ல வேண்டியது இதைத்தான். சுர்க்ரோத் சாலையோரத்தில் புகைபோக்கி புகைபோக்கியாகத் தெரியும். 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆப்கன் சூளைகளில் கொத்தடிமை முறையை ஆராய இரண்டே மாவட்டங்களைத்தான் எடுத்தது: காபூல் பக்கத்து தே சப்ஸ், இன்னொன்று சுர்க்ரோத். கல் அறுப்பவர்களில் பாதிக்கு மேல், 56 சதவீதம், சிறுவர்கள் என்று அது கண்டது. அங்கே வேலை செய்த குடும்பங்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானில் அகதிகளாக இருந்தபோதே சூளைக்குள் விழுந்தவை. ஊர் திரும்பியது என்பது அவர்களுக்கு ஒரு சூளையிலிருந்து இன்னொரு சூளைக்கு வந்ததுதான்.

எப்படி விழுகிறார்கள்? பேஷ்கி என்ற முன்பணம். வைத்தியச் செலவு, கல்யாணம், எல்லை தாண்டிய லாரி வாடகை, சில சமயம் வெறும் மாவுக்கும் எண்ணெய்க்கும். சூளைக்காரர் கொடுப்பார், குடும்பம் முழுதும் வந்து அறுத்துக் கழிக்க வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகையால் கை எத்தனை இருக்கிறதோ அத்தனையும் இறங்கும். முந்தின சாயங்காலமே மண்ணைக் குழைத்து ஊறப்போடுவார்கள். விடியும் முன்பே தந்தை அச்சின் முன் குந்துவார். பெரிய பையன் மண்ணை உருட்டித் தள்ளுவான், அடுத்தவன் அச்சுக்கு மணல் தூவுவான், தந்தை மண்ணை அறைந்து நிரவி அச்சைக் கவிழ்ப்பார். காய்ந்த பச்சைக்கல்லைப் புரட்டிப்போடுவது சின்னப் பிள்ளைகள் வேலை. வரிசைக்கு வரிசை நடந்து, ஒவ்வொன்றாய்.

மழை பெய்தால் காயாத கல் கரைந்துபோகும், அந்த நாள் கூலி இல்லை, சாப்பாட்டுக்கு மறுபடியும் முன்பணம். பருவம் முடிகிறபோது கணக்குப் பார்த்தால் கடன் குறைந்திருக்காது, பல நேரம் ஏறியிருக்கும். ஜலாலாபாத் பக்கம் குளிர்காலம் இதமாக இருப்பதால் இங்கே அப்போதுதான் வேலை மும்முரம். கோடையில் சில குடும்பங்கள் காபூல் பக்கச் சூளைகளுக்குப் போகும். வேறு சூளைக்கு மாற வேண்டுமென்றால் புது முதலாளி பழைய கடனைக் கட்டி "எடுத்துக்கொள்வார்". ஆட்களை விற்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை, கடன் கைமாறுகிறது என்றுதான் பேச்சு.

இந்தக் கல்லில்தான் நகரத்தில் வீடு எழும்புகிறது. அறுக்கிறவர்கள் குடியிருப்பது சூளை ஓரத்து மண் குடிசையில்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? பெண்கள் நிலை?

பாகிஸ்தானில் உருதுவில் படித்த பையன் இங்கே வந்து பாஷ்தோவிலும் தாரியிலும் படிக்க வேண்டும். பழைய பள்ளிச் சான்றிதழ் இல்லையென்றால் இரண்டு வகுப்பு கீழே உட்கார வைப்பார்கள். வளர்ந்த பையன்கள் அந்த வெட்கத்திலேயே நின்றுவிடுவார்கள். இடமில்லாமல் இரண்டு, மூன்று ஷிஃப்டாகப் பள்ளி நடத்துவது சாதாரணம்.

பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு சரி. 2021-லிருந்து மேல்நிலைப் பள்ளி மூடிக்கிடக்கிறது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது, 2024 டிசம்பரில் தாதி, மருத்துவச்சிப் பயிற்சியும் போயிற்று. பெஷாவரில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பெண் லாரியிலிருந்து இறங்கும் நாளோடு படிப்பு முடிந்தது. நாடு கடத்தப்பட்டவர்களின் நஷ்டக் கணக்கில் இதை யாரும் சேர்ப்பதில்லை. வீடும் சாமானும்தான் எழுதப்படுகின்றன.

விதவைகள் நிலை இன்னும் மோசம். ஆண் துணை இல்லாமல் தொலைதூரப் பயணம் கூடாது. உதவி நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்ய 2022 டிசம்பரில் தடை வந்தது. அதனால் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் போய் என்ன தேவை என்று கேட்கப் பெண் ஊழியர் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது.

மருத்துவ வசதி?

மாவட்டத்துக்குள் அடிப்படை மருத்துவ நிலையங்கள், பெரிய நோய்க்கு ஜலாலாபாத் வட்டார மருத்துவமனை. நகரம் கிட்டத்தில் இருப்பதால் மற்ற மாவட்டங்களைவிடப் பரவாயில்லை. ஆனால் அந்த மருத்துவ நிலையங்களை நடத்துவது வெளிநாட்டு நிதி. 2025-ல் அமெரிக்கா நிதியை நிறுத்தியதும் நாடெங்கும் நூற்றுக்கணக்கானவை மூடின. முன்பெல்லாம் தீராத நோய் என்றால் பெஷாவர் போவது இங்கே வழக்கம்.

போர் முடிந்துவிட்டதே, இப்போது பாதுகாப்புதானே?

குண்டுச் சத்தம் குறைந்தது உண்மை. 2015-க்குப் பிறகு நங்கர்ஹாரின் அச்சின், கோக்யானி மாவட்டங்கள் பக்கம் ஐ.எஸ். குழுவின் கொடுமையிலிருந்து தப்பியோடியவர்கள் சுர்க்ரோத்தில் வந்து ஒதுங்கினார்கள்; அந்த மாதிரி ஓட்டம் இப்போது இல்லை. ஆனால் முன்னாள் ராணுவத்திலோ போலீசிலோ இருந்தவர், பெண் பத்திரிகையாளர், பாடகர் இவர்களுக்கெல்லாம் இந்த அமைதி பொருந்தாது.

இயற்கையின் கணக்கு தனி. 2024 ஜூலையில் ஒரு சாயங்காலப் புயல்மழையில் ஜலாலாபாத் வட்டாரத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். சுர்க்ரோத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் கூரை இடிந்து செத்தார்கள். 2025 ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி வந்த நிலநடுக்கம் பக்கத்து குனார் மாகாணத்தில்தான் கோரம் காட்டியது, இறந்தவர்கள் 2,200-க்கும் மேல். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே கனத்த மண் கூரை. சுர்க்ரோத் வீடுகளும் பெரும்பாலும் மண்தான்.

வந்தவர்கள் இங்கேயே தங்கிவிடுகிறார்களா?

நிலமும் தண்ணீர் முறையும் கிடைத்தவர்கள் தங்குகிறார்கள். மற்ற வீடுகளில் ஓர் ஆண் வெளியே போய்ப் பணம் அனுப்புவதுதான் வழி. காபூலுக்கோ, ஆள் கடத்துபவர் மூலம் ஈரானுக்கோ. முன்பு பெஷாவருக்கே திரும்பிப் போனவர்கள் ஏராளம். 2017-லிருந்து பாகிஸ்தான் போட்ட முள்வேலி அதைக் கடினமாக்கியது. 2025 அக்டோபரில் இரண்டு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்ட பிறகு தோர்க்கத்தில் சரக்குப் போக்குவரத்தும் நின்றது. வெளியேற்றப்படுகிறவர்களுக்கு மட்டும் சில வாரங்களில் கதவு திறந்தது; உள்ளே வரலாம், வெளியே போக முடியாது என்ற நிலை.

செய்திகளில் வரும் எண்ணிக்கைகளை எப்படிப் படிப்பது?

கொஞ்சம் எச்சரிக்கையோடு. "திரும்பியவர்கள்" என்று வருவது எல்லைக் கடவையில் எண்ணப்பட்ட தலைகள். அட்டை உள்ளவர், இல்லாதவர், பிடித்துத் தள்ளப்பட்டவர் என்று தனித்தனி வரிசை இருக்கும்; தலைப்பில் மூன்றையும் கூட்டிப் போட்டுவிடுவார்கள். ஒருமுறை வெளியேற்றப்பட்டு, திரும்பப் போய், மறுபடி பிடிபட்டவர் இரண்டாக எண்ணப்பட்டிருக்கலாம். பதிவேட்டில் "போகும் இடம்: நங்கர்ஹார்" என்று இருந்தால் அது அவர் எல்லையில் சொன்னது. மூன்று மாதம் கழித்து அவர் சுர்க்ரோத்தில் தாத்தாவின் நிலத்தில் இருக்கிறாரா, ஷேக் மிஸ்ரியில் இருக்கிறாரா, சூளையில் இருக்கிறாரா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.